கடிகாரம் அறியாதது

எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மாரத்தான் ஓட்டத்திற்கு மீண்டும் பயிற்சி பெறத் தொடங்கினேன். 42.195 கிலோமீட்டர் தொலைவை முன்னர் இருமுறை ஓடி முடித்தவன் என்னும் நினைவு நெஞ்சில் இருந்தது. அந்நினைவுக்குத் துணையாக மணிக்கட்டில் ஒரு திறன்கடிகாரமும் இருந்தது. முன்பு ஓடிய நாள்களில் நேரம் காட்டும் எளிய கைக்கடிகாரமே என்னிடம் இருந்தது. இப்போதோ வேகம், தொலைவு, இதயத்துடிப்பு, உறக்கம், உடல் களைப்பு நீங்கத் தேவையான நேரம் என அனைத்தையும் கருவியே எடுத்துரைத்தது.

ஆறாம் வாரத்தில் மூச்சு இலகுவாயிற்று. உடல்திறன் உயர்ந்துள்ளது எனக் கடிகாரம் பாராட்டியது; ஓடும் தொலைவைக் கூட்டலாம் என்றும் காட்டியது. அப்போதே இடது கணைக்காலில் மெல்லிய வலி இருந்தது. எண்கள் நன்றாக இருக்கையில் வலியை ஏன் பொருட்படுத்த வேண்டும் என எண்ணினேன். எட்டாம் வாரத்தில் நடக்கவும் இயலவில்லை. எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருப்பதை மருத்துவர் காட்டினார். இரண்டு மாத ஓய்வு தேவை என்றார். அந்த ஓய்வுக்காலத்தில் உறுதிப்பட்ட கருத்து இது: நெடுந்தொலைவு ஓட்டத்திற்குத் திரும்புவோர்க்குக் கருவி நல்ல துணை, ஆனால், முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

கருவி தந்த நன்மை

ஒருகாலத்தில் ஓடுபவரின் இதயத்துடிப்பை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. 1982ஆம் ஆண்டில் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்பில் கட்டும் பட்டையிலிருந்து கம்பியின்றிக் கைக்கடிகாரத்திற்குத் துடிப்பைத் தெரிவிக்கும் கருவியை வெளியிட்டது. செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜி.பி.எஸ். சேவையில், பொதுமக்களுக்கான துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவந்த அமெரிக்க அரசு, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நடைமுறையைக் கைவிட்டது. அதன்பின், ஓடிய தொலைவையும் வேகத்தையும் மணிக்கட்டிலேயே காண முடிந்தது.

இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. மீண்டும் ஓட வருபவரின் முதற்பகை அவருடைய பழைய நினைவு. உடல் மாறியிருக்க, மனம் மட்டும் பழைய வேகத்தையே நாடும். அப்போது, 'இதயம் மிகையாகத் துடிக்கிறது. வேகத்தைக் குறை' என்று கருவி தடுப்பது பேருதவி. ஓய்வாக இருக்கும்போதும் துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், களைப்பு தீரவில்லை என்பதையும் அது உணர்த்தும்.

அளப்பதும் அளவாததும்

எனினும், அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். கடிகாரத்தின் அடிப்புறத்திலுள்ள பச்சை ஒளி தோலுள் பாய்கிறது. குருதியோட்டத்திற்கேற்ப மீளும் ஒளி மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே துடிப்பு கணக்கிடப்படுகிறது. பட்டை தளர்ந்தாலும் கை மிகுதியாக அசைந்தாலும் கணக்குப் பிழைபடும். துடிப்பின் உச்சவரம்பைக் கணிக்க, 220இலிருந்து வயதைக் கழிக்கும் முறை பரவலாக வழங்குகிறது. அது பலருக்கான சராசரியே. ஒரே வயதுடைய இருவரிடையே பத்து, பதினைந்து துடிப்பு வேறுபடுதல் இயல்பு. கடலோர ஊர்களின் புழுக்கத்தில், அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் விரைந்து துடிக்கும். எண் ஒன்றாயினும் அதன் பொருள் ஒன்றன்று.

இவற்றினும் முதன்மையான உண்மை வேறொன்று உண்டு. பயிற்சியைத் தொடங்கியதும் குருதியின் நீர்மப்பகுதி சில நாள்களிலேயே பெருகத் தொடங்குகிறது. சில வாரங்களில் இதயம் எளிதாக இயங்குகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ மிக மெதுவாகவே வலுப்பெறுகின்றன. சுமை கூடும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைத்து, பிறகே புதிதாகக் கட்டுகிறது. அப்பணி நிறைவுற மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு வலுக்குன்றியே இருக்கும். கடிகாரம் அளப்பது விரைவில் மீளும் இதயத்தை. அது அளக்காதது மெல்ல மீளும் எலும்பை. எனக்கு நேர்ந்த தீங்கின் காரணம் இதுவே. கருவி பொய் சொல்லவில்லை. அது சொல்லாததையும் சேர்த்தே முழுமை என்று நான் நம்பிவிட்டேன்.

உடல் கூறும் செய்தி

வருங்காலக் கருவிகள் இக்குறையைத் தீர்க்கும் எனச் சிலர் கூறலாம். தீர்க்கட்டும்; ஆயினும், வலியை முதலில் உணர்பவர் அவ்வுடலுக்கு உரியவரே. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவரே உணர்ந்து 6 முதல் 20 வரை மதிப்பிடும் அளவுகோலை உருவாக்கினார். கருவிகள் பெருகிய பின்னும், இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி அளிக்கும் மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். அதனினும் எளிய வழியும் உண்டு: ஓடும்போது உடன் ஓடுபவரோடு தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் அளவானது, சொற்கள் துண்டுபட்டால் வேகம் மிகை.

2019ஆம் ஆண்டு வியன்னாவில் மாரத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் கடந்தார், கென்ய வீரர் எலியுட் கிப்சோகே. அன்று முன்சென்ற ஊர்தி, ஓட வேண்டிய வேகத்தைச் சாலையில் ஒளிக்கோடுகளாகக் காட்டியது. அத்தகைய தொழில்நுட்பத்தின் துணையோடு ஓடிய அவரும், தம் பயிற்சிக் குறிப்புகளைக் குறிப்பேட்டில் கைப்பட எழுதும் வழக்கமுடையவர். கருவியை ஏற்பதும் தம்மைத் தாமே கவனிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இப்போது நானும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஓட்டம் முடிந்ததும் மூச்சு எப்படி இருந்தது, எங்கு வலித்தது என்பதை முதலில் எழுதுகிறேன். அதன்பின்னரே கடிகாரத்தைப் பார்க்கிறேன். இரண்டும் ஒத்திருந்தால் மறுநாள் ஓடுகிறேன். முரண்பட்டால், எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், காலின் சொல்லையே கேட்கிறேன். மாணவர்களே, நீங்களும் ஓடுங்கள். கருவி கிடைத்தால் அணிந்துகொள்ளுங்கள். அது தரும் எண்ணைப் படிப்பதற்கு முன், உங்கள் உடல் சொல்வதைக் கேட்கப் பழகுங்கள்.