விரல் போன காரணம் எதில் எழுதியிருக்கிறது?

கேள்வி: என் தம்பிக்கு வயது 40. டிராக்டரில் ஓடும் உளுந்து அடிக்கும் மிஷினில் தினக்கூலிக்குச் செடி தள்ளும்போது வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. மிஷின்காரர் சொன்னபடி ஆஸ்பத்திரியில் 'வீட்டில் அடிபட்டது' என்று சொல்லிவிட்டோம். இப்போது மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது. இழப்பீடு கேட்க அது போதாதா?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: போதாது. மாதாந்திர உதவித்தொகைக்கு அந்த அட்டை உதவும். அங்கே ஊனம் எவ்வளவு, குடும்ப நிலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். எப்படி வந்தது என்று கேட்பதில்லை. இழப்பீட்டுக்கோ அதுதான் முதல் கேள்வி.

டிராக்டர் போன்ற இயந்திரம் வைத்துச் செய்யும் விவசாய வேலையும் பணியாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தில் அடங்கும். தினக்கூலி என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 சதவீத இழப்பு என்று சட்டமே அட்டவணை போட்டிருக்கிறது. மாதக் கூலி 12,000 ரூபாய் என்று நிரூபித்தால், அதில் 60 சதவீதம் 7,200. அதை 40 வயதுக்கான 184.17ஆல் பெருக்கி, பாதி எடுத்தால் 6,63,012 ரூபாய். ஒரு பொய் வாக்கியத்துக்காக விட்டுவிடும் தொகையா இது?

மிஷின்காரர் கெட்டவர் என்று இல்லை. போலீஸ், கேஸ் என்ற பயம். ஆனால் அன்று வாயால் சொன்னது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், அப்படியே ஏறிவிடும். பிறகு எல்லோரும் அதைத்தான் புரட்டுவார்கள்.

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஏ.ஆர். காப்பியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிவைக்க வேண்டும்; எதையும் திருத்தக் கூடாது. காயம் சுழலும் மிஷினில் சிக்கியதால் வந்ததா என்று சிகிச்சை செய்த டாக்டர் சாட்சி சொல்லலாம். அன்று கூட வேலை செய்தவர்கள், களத்துக்காரர், தூக்கிச் சென்ற வண்டிக்காரர் ஆகியோரின் சாட்சி பெரிது. போனில் கூலி போட்டிருந்தால் அந்தப் பதிவும் வேண்டும். ஏன் மாற்றிச் சொன்னோம் என்பதை மறைக்காமல் மனுவிலேயே எழுதுவது நல்லது. எதிர்த்தரப்பு அதை எடுத்துப் போடும்வரை காத்திருந்தால் நம்பிக்கை போய்விடும்.

மனு போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம். விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் கேட்கலாம்.