முறுக்காணியும் மூலவிக்கிரகமும்

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிதார் சேகரிப்பவர்களிடையே ஒரு மதம் வளர்ந்துவிட்டது. அதன் ஒரே வேதவாக்கியம் 'ஒரிஜினல்'. வாத்தியம் எப்படி ஒலிக்கிறது என்பது இரண்டாம் பட்சம். தொழிற்சாலையில் போட்ட திருகாணி இன்னும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இந்த மதத்தின்மீது எனக்குள்ள ஆட்சேபத்தை மிகச் சிறிய ஒரு உறுப்பை வைத்தே சொல்லிவிடலாம். வீணைக்காரர் பிருடை என்பதைக் கிதார்க்காரர் ட்யூனர் என்கிறார். நான் முறுக்காணி என்கிறேன். ஒரு பேஸில் சாதாரணமாக நான்கு இருக்கும்.

லியோ ஃபெண்டர் 1951இல், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில், பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். முறுக்காணி அவர் செய்ததல்ல. சிகாகோவின் க்ளூஸன் கம்பெனியிடம் வாங்கியது. 1960களின் நடுவரை அதுவே தொடர்ந்தது. அகன்ற இலைபோன்ற தலை. முதுகில் ஒரு தகடு. தகட்டின்மேல் மூடாக்கு இல்லாத பல்சக்கரம். அதை நகர்த்தும் புரியாணி. பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டால் இது எதிர்த்திசையில் சுழலும். தண்டின் உச்சியில் பிளவு, பிளவின் நடுவே துளை. தந்தியின் நுனி துளைக்குள் இறங்கிவிடுவதால் விரலைக் குத்தாது. நல்ல வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் வேலைப்பாடு வேலைக்காகத்தான். 34 அங்குல நீளத்துக்கு இழுத்துக் கட்டிய தடித்த உலோகத் தந்தியை, விநாடிக்கு 41 சொச்சம் அதிர்வில், அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். வேலை அவ்வளவே.

அறுபது ஆண்டில் பல் தேய்கிறது. திறந்த சக்கரத்தில் தூசியும் வியர்வையும் சேர்கின்றன. மரத்துக்குள் இறுக்கியிருந்த வளையம் தளர்ந்து, சில சுரங்களுக்குக் கிணுகிணுக்கிறது. தலையைத் திருப்பினால் சிறிது தூரம் ஒன்றும் நிகழ்வதில்லை. அனுபவஸ்தர் எப்போதும் கீழிருந்து ஏற்றியே சுருதியை நிறுத்துவார்; மேலிருந்து இறக்கினால், தேய்ந்த பல்லின் இடைவெளி தந்தியைப் பிறகும் நழுவவிடும். இப்படிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத கட்டமும் வரும். அப்போது மாற்றுவதுதான் நியாயம். மாற்றினால் சந்தையில் விலை இறங்கும். அதாவது, சுருதி நிற்காத மூலம் உத்தமம். சுருதி நிற்கிற மாற்று பின்னப்பட்ட விக்கிரகம். இதைவிட அபத்தமான மதிப்பீடு ஒன்றை எனக்குத் தெரியாது.

மூலகர்த்தாவின் கருத்தையாவது இவர்கள் மதிக்கிறார்களா? ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். கிதாரின் கழுத்தை ஒட்டாமல் திருகாணியால் பூட்டினார். கெட்டுப்போன உறுப்பைக் கழற்றிவிட்டு வேறு போடலாம் என்பதுதான் அந்த அமைப்பின் உயிர். கிப்ஸன் 1953இல் கொண்டுவந்த பேஸில் பாஞ்சோ பாணியில் பின்பக்கம் நீட்டிய முறுக்காணிகளை வைத்தது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டைத் தானே கைவிட்டது. செய்தவர்களே மாற்றியதைப் பூசிப்பவர்கள் மாற்றக்கூடாது என்கிறார்கள்.

வாசித்தவர்களைப் பார்ப்போம். ஜாகோ பாஸ்டோரியஸின் பேஸ் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ். அதன் மெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, மேலே எபாக்ஸி பூசி வாசித்தார். 1976இல் வெளியான அவருடைய முதல் தட்டு அந்தக் கைவைப்பின் விளைவு. மார்கஸ் மில்லர் தம் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் மின்சுற்றை ரோஜர் சடாவ்ஸ்கியிடம் கொடுத்து மாற்றிக்கொண்டார். சேகரிப்பாளர் அளவுகோலில் இவையெல்லாம் சேதாரம். ஜேம்ஸ் ஜேமர்ஸன் எதையும் மாற்றவில்லையே, தந்தியைக்கூட அறுந்தாலொழிய மாற்றாதவராயிற்றே என்பார்கள். உண்மை. அவர் மாற்றாதது விலைக்காக அல்ல, காதுக்காக. மாற்றுவதும் மாற்றாமலிருப்பதும் வாசிப்பவனின் காது தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்பதற்கு அவரும் என் கட்சிச் சாட்சியே.

எதிர்க்கட்சியில் ஒரு நல்ல வாதம் உண்டு. பழைய உறுப்பு சரித்திரச் சான்று. அது போனால் அந்தக் காலத்துக் கைத்தொழிலைப் பற்றிய அறிவும் போகும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பழைய மரத்தில் புதுத்துளை போடுகிறவனை நானும் மன்னிக்கமாட்டேன். துளையை மீட்க முடியாது. பழைய திருகாணித் துளைகளிலேயே உட்காரும் மாற்று கிடைக்குமானால் அதைப் பூட்டி, பழையதை எண்ணெய் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். சரித்திரத்துக்கு நஷ்டமில்லை, சங்கீதத்துக்கும் நஷ்டமில்லை.

ஆனால் சந்தையின் அக்கறை சரித்திரமல்ல. 1995இல் ஃபெண்டர் கம்பெனியே புது வாத்தியத்தைச் சுரண்டி, உலோகத்தைக் களிம்பேற்றி, 'ரெலிக்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. வாசிக்காமலே வந்த தேய்மானத்துக்குக் கூடுதல் விலை. வாசித்துத் தேய்ந்ததால் மாற்றிய முறுக்காணிக்குத் தள்ளுபடி. எந்த உழைப்பு மதிக்கப்படுகிறது, எது அவமதிக்கப்படுகிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மாற்றிய முறுக்காணியும் சரித்திரம்தான்: யாரோ ஒருவன் இரவுக்கு இரவு இதை வாசித்துப் பிழைத்தான், சுருதி அவனுக்கு முக்கியமாக இருந்தது என்கிற சரித்திரம்.

பெட்டகத்தில் உறங்கும் பேஸில் நான்கு முறுக்காணியும் மூலமாகவே இருக்கலாம். அதன் தந்தி எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கேட்க அங்கே ஆளில்லை.