ஊசிக்காதும் ஒரு சிறு கம்பியும்



ஊசியும் நூலும் கையிலேந்தி, வாசலோர வெளிச்சத்தில் அமர்ந்து, பள்ளிவிட்டு வரும் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் முதியவர் உங்கள் இல்லத்தில் உண்டா? எங்கள் இல்லத்தில் உண்டு. என் உம்மாதான் அவர். சட்டைப் பொத்தான் தைக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஊசியில் நூல் கோத்துத்தர ஆள் கிடைப்பதற்குத்தான் அரைநாள் ஆகிவிடும். “இதோ வந்துட்டேன் வாப்பும்மா” என்பான் பேரன். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். கேட்டுக் கேட்டுச் சலித்து, அவர் தைப்பதையே குறைத்துக்கொண்டார் என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். எனக்கு வெட்கமாயிருந்தது.

குறை கையில் இல்லை. கண்ணின் இயல்பு அப்படி. நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சி இழக்கிறது. அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காண அது போதிய அளவு வளைந்து கொடுப்பதில்லை. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். (கிதாபைக் கைநீட்டிப் பிடித்துப் பாடம் சொல்லும் நானும் அவ்வரிசையில் சேர்ந்துவிட்டேன். மாணவர்கள் தமக்குள் சிரிப்பதை அறியாதவனல்லன்.) கண்ணாடி உதவும், விரல் நடுக்கத்திற்குக் கண்ணாடி என்ன செய்யும்?

தையற்சாமான் கடையில், ஊசியில் நூல் கோக்கும் கருவி என்று கேளுங்கள். நாணய அளவில் ஒரு தகரத் தகடு. அதன் நுனியில் மயிரிழை போன்ற கம்பி சாய்சதுரமாய் வளைந்திருக்கும். பல தகடுகளில் ஒரு பெண்முகம் பொறித்திருப்பார்கள். அது வேண்டாமெனில் பிளாஸ்டிக் பிடியுள்ளதும் உண்டு. கம்பியை ஊசிக்காதினுள் நுழைத்தால் ஒடுங்கிச் சென்று, மறுபுறம் மீண்டும் விரியும். விரிந்த வளையம் ஊசிக்காதைவிடப் பன்மடங்கு பெரிது. அதற்குள் நூலை விட்டுக் கம்பியைப் பின்னுக்கு இழுங்கள். நூலும் காதின் வழியே வந்துவிடும். தடித்த நூலைச் சிறிய காதில் வைத்து வலிந்து இழுத்தால், கம்பி தகட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்றாக வாங்குவதே நலம். விலை அற்பம்தான். தலையில் பிளவுள்ள ஊசியும் விற்கிறார்கள்; மேலிருந்து அழுத்தினாலே நூல் இறங்கிவிடும். ஆனால் சிலவேளை நூலை அறுத்துவிடுகிறது. உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

சகோதரர்களே, மிக்ஸி வாங்குகிறோம், வாஷிங் மெஷின் வாங்குகிறோம். அன்றாடம் எதனோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று வீட்டாரிடம் ஒரு சொல் கேட்கிறோமா? நான் கேட்டேன். புதிய ஜாம் புட்டியின் மூடி திறப்பதில்லை என்றார் என் மனைவி. உள்ளே காற்றழுத்தம் குறைந்திருப்பதால் மூடி இறுகுகிறது. விளிம்பில் கரண்டி நுனியை வைத்து மெல்ல நெம்பினால் ‘டப்’ என்று காற்றுப் புகும்; பிறகு எளிதில் திறக்கும். அதற்குக் கருவியே வேண்டியதில்லை.

கம்பியை உம்மாவிடம் கொடுத்தபோது, “இதெல்லாம் எதுக்கு வாப்பா, புள்ளதான் இருக்கானே” என்றார். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், பேரனின் தொப்பி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நூற்கண்டில், நூல் கோத்த ஊசிகள் ஐந்து குத்தி நிற்கின்றன. இப்போது அந்தக் கம்பியை அடுத்த வீட்டு மூதாட்டி இரவல் வாங்கிச் சென்றிருக்கிறார். இரண்டு வாரம் ஆகிறது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது இன்னும் இரண்டு வாங்கிவர வேண்டும்.