எண்ணப்படாத குடும்பங்கள்

ஒரே மொழி பேசும் ஓர் இனத்தை இரண்டாகப் பிரிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? கொரியாவில் அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. 1945 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் ஒரு வரைபடத்தைப் பார்த்து 38ஆம் அகலக்கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கோட்டுக்கு வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. அந்த மண்ணில் வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1950இல் போர் மூண்டது. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அமைதி ஒப்பந்தமோ இன்றுவரை கையெழுத்தாகவில்லை. யானையும் யானையும் மோதினால் நடுவில் சாவது சருகுமான் என்று இடைநிலைப்பள்ளியில் ஒரு மலாய்ப் பழமொழி படித்தோம். கொரிய மக்களின் கதை அதுதான்.

பாலிக் புலாவில் வளர்ந்த ஒரு தமிழ் மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். கொரிய நாடகங்கள் நம் வீடுகளில் ஓடுகின்றன. கொரியப் பாடல்களை நம் தங்கைமார்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் என் அக்கறைக்குக் காரணம் அதுவன்று. நம் இனத்தின்மீதும் அப்படி ஒரு கோடு விழுந்தது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வந்த நம் மக்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஏற்கெனவே நாடற்றவர்கள் ஆக்கப்பட்டிருந்தார்கள். அவர்களின் எண்ணிக்கை 975,000 என்று இரு அரசுகளும் கணக்கிட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சந்தையில் மூட்டைகளைப் பங்கு போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விண்ணப்பம் செய்யச் சொன்னபோது பெரும்பாலோர் இலங்கையில் இருக்கவே விரும்பினார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதானே! ஆனால் ஒப்பந்தக் கணக்கு வேறாக இருந்தது.

அந்த ஒப்பந்தம் தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. பெற்றோர் ஒரு நாடு, கட்டிக்கொடுத்த மகள் ஒரு நாடு. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. உயிரோடு இருப்பவர்களுக்காக ஒப்பாரி வைத்த இரயில் நிலையங்கள் அவை.

கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டினார்கள். பலர் கண்ணால் கூடப் பார்த்திராத தாயகம் அது. அவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. இலங்கையில் 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள் நீலகிரியில் 'சிலோன்காரர்' ஆனார்கள். 1980களில் இலங்கையில் போர் மூண்டு கப்பல் நின்றுபோனது. கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். எஞ்சிய நாடற்றவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றியது 2003இல். 1948இல் பறித்ததைத் திருப்பித் தர 55 ஆண்டுகள்!

இதை அண்டை வீட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒப்பந்தம் இல்லாமலே நம் நாட்டிலும் ஒரு பிரிவு நடந்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, வெளியே பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பலருக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்ல ஆளில்லை. 'என்றாவது ஊருக்குப் போகத்தானே போகிறோம்' என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டை தங்கிவிட்டது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றது. 1969 மே கலவரத்திற்குப் பிறகு அந்தச் சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்து, 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறினார்கள். நீல அட்டை வைத்திருந்த உறவினர்கள் பினாங்குத் துறைமுகத்தில் நின்று கையசைத்தார்கள்.

அப்படிக் கப்பலேறியவர்களில் என் பாட்டியின் அண்ணனும் ஒருவர். பாலிக் புலாவில் இரப்பர் மரமும் சாதிக்காய் மரமும் பார்த்தே வளர்ந்தவர். "கப்பல் ஏறுனது தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு காயிதம். அவ்ளோதான்" என்பார் பாட்டி. இப்படி ஒரு வரியில் முடிந்துபோன உறவுகள் தோட்டத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களில் உண்டு. கொரியரைப் பிரித்து வைத்தது முள்வேலி. நம்மைப் பிரித்து வைக்க வேலி தேவைப்படவில்லை. வறுமையும் எழுதத் தெரியாத கையும் போதுமானவையாக இருந்தன.

இங்கேதான் கொரியரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. 1983இல் தென்கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி, பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரடி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அந்த நிகழ்ச்சி 138 நாட்கள் நீடித்தது. பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளைத் தாங்கி மக்கள் நிலையத்தின் வாசலில் குவிந்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் மீண்டும் சந்தித்தன. அந்தப் பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. வடக்கே விட்டுவந்த உறவைத் தேடித் தென்கொரிய அரசிடம் 130,000க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தே இறந்துவிட்டார்கள். 2000இல் தொடங்கிய சந்திப்புகள் 2018க்குப் பிறகு நடக்கவில்லை. மறு இணைப்பு என்ற இலக்கையே கைவிடுவதாக வடகொரியா 2024இல் அறிவித்துவிட்டது. அரசியல் தோற்றுவிட்டது, ஆனால் பட்டியல் இருக்கிறது. யார் யாரை இழந்தார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? மலையக எழுத்தாளர்கள் அந்தத் துயரத்தைச் சிறுகதைகளில் வடித்தார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு சிறுகதை ஒரு குடும்பத்தின் முகவரியைச் சொல்லாது.

'பழைய புண்ணைக் கிளறி என்ன பயன்? படித்தோமா, வேலைக்குப் போனோமா என்று இருக்க வேண்டியதுதானே' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புண் ஆறிவிடவில்லை. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் அல்லாடும் தமிழர்கள் இன்றும் நம் நாட்டில் இருக்கிறார்கள். தாத்தாவின் கையில் இல்லாத ஒரு காகிதம் பேரனின் வாழ்க்கையை மறிக்கிறது. எங்கே அறுந்தது என்று தெரியாமல் எதை முடிச்சுப் போடுவது?

நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகின்றன. பட்டிமன்றமும் கலையிரவும் நடத்துகின்றன. நல்லதுதான். அவற்றோடு இந்தப் பணியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒவ்வோர் உறுப்பினரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளை எடுத்துச் செல்லட்டும். பிரிந்து போனவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு, எந்தக் கப்பல்? தமிழ்நாட்டில் எந்தக் கிராமம்? இங்கே எஞ்சியவர்கள் யார்? பதில்களைத் தொகுத்து ஆண்டுதோறும் அச்சிடுவோம். பேராதனையிலும் நீலகிரியிலும் இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு அனுப்பி, அவர்களிடமும் இதே தாளைக் கேட்போம். பணியில் அமர்ந்துவிட்ட முன்னாள் மாணவர்கள் அச்சுச் செலவையும் தொடர்புகளையும் ஏற்றால், இது ஓராண்டில் தொடங்கக்கூடிய வேலை.

1964இலும் 1969இலும் இளைஞர்களாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயதை நெருங்குகிறது. பலருக்கு அதையும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மரணத்தோடும் ஒரு கிராமத்தின் பெயர் மறைந்துபோகிறது. கோடு போட்டவர்கள் நம்மைக் கேட்கவில்லை. அது அவர்கள் குற்றம். பிரிந்தவர்கள் யார் என்று நாமும் கேட்காமல் இருந்தால், அந்தக் குற்றத்தை யார் மேல் போடுவது? அடுத்த விடுமுறைக்குள் தாளைத் தயாரிப்போம், தோழர்களே.