வீட்டைக் கொடுத்தார்கள், சந்தையை எங்கே வைத்தார்கள்?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த நம் பிள்ளைகளிடம் ஒரு பெட்டிக்கடைக்காரர், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனி உங்களுக்குத் தரமாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். காணொளி பரவியது. வழக்குப் பதிந்தார்கள், கைது செய்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். செய்ய வேண்டியதுதான். பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

"இந்தக் காலத்திலுமா?" என்று அன்றைக்குச் சென்னையில் பதறியவர்கள் பலர். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து பதறியவர்களும் அதில் உண்டு. அவர்கள் கட்டடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் இருக்கின்றன. அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒரு கடைக்காரர் ஒரு பிள்ளைக்கு மிட்டாய் தராவிட்டால் குற்றம். ஓர் அரசு பல்லாயிரம் குடும்பங்களைச் சந்தையே இல்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அதற்கு என்ன பெயர்?

கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் 20,000-க்கும் மேல். இது ஒரு நடுத்தர ஊரின் அளவு. அப்படி ஓர் ஊர் தானாக வளர்ந்திருந்தால் நடுவில் காய்கறி மார்க்கெட் இருந்திருக்கும், மீன் மார்க்கெட் இருந்திருக்கும், வாரத்துக்கு ஒருநாள் சந்தை கூடியிருக்கும். வரைபடத்தில் வீடுகளை அடுக்கியவர்களுக்கு இந்த மக்கள் சாப்பிடுவார்கள் என்பது தோன்றவில்லை போலும். விற்பார்கள் என்பது சுத்தமாகத் தோன்றவில்லை.

கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் வெறுமனே குடியிருந்தவர்கள் அல்லர். விடியற்காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு நடந்து போய் ஒரு கூடை எடுத்து, பத்து மணிக்குள் தெருத்தெருவாக விற்றுவிட்டு வீடு திரும்பிய அம்மாக்கள் இருந்தார்கள். சென்ட்ரல் பக்கம் மூட்டை தூக்கியவர்களும் மீன்பாடி வண்டி ஓட்டியவர்களும் இருந்தார்கள். தலித் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய சத்தியவாணிமுத்து நகரையே பெயர்த்தெடுத்து அனுப்பியபோது, லாரியில் ஏறியது பாத்திரமும் பாயும் மட்டும்தான். கடன் கொடுத்த மளிகைக்கடை ஏறவில்லை. தெரிந்த முகத்தை நம்பி ஒரு கூடை மீனைக் கையில் கொடுத்த மொத்த வியாபாரியும் ஏறவில்லை.

கடன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாள்கூலி வாங்குகிறவர் மாதத்துக்கு மளிகை வாங்குவதில்லை. இன்றைக்குக் கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஒரு ஷாம்பு பாக்கெட். வேலையில்லாத நாளில் அதுவும் நோட்டில் எழுதித்தான். அந்த நோட்டில் பெயர் ஏற வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும். புது இடத்தில் அது இல்லை. சூப்பர் மார்க்கெட் இருக்கிறதே, விலை குறைவாயிற்றே என்கிறார்கள். அங்கே எண்ணெய் லிட்டரில்தான் இருக்கும். போய்வர ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால், குறைந்த விலையில் மிஞ்சியது அதிலேயே தீர்ந்துவிடும். மகளிருக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது 2021 முதல் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் மீன் கூடையோடு ஏறும் பெண்ணை அந்தப் பேருந்து எப்படிப் பார்க்கிறது? அதே 2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றம் என்று சொல்லி மீன் விற்ற மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதை மறந்துவிடவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் யாரும் சாதி கேட்பதில்லை என்று நம்மில் சிலரே வாதாடுகிறார்கள். உண்மைதான், கேட்பதில்லை. முகவரி கேட்கிறார்கள். தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் முகவரி. வேலைக்கு மனுப் போட்டால் முகவரி. "கண்ணகி நகரா?" என்று இழுக்கிற அந்த ஒரு நொடியை எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த கோடு இங்கே பின்கோடாக வந்திருக்கிறது.

சந்தை வைத்துத் தராத இடத்தில் எங்கள் பெண்களே சந்தை வைத்தார்கள். படிக்கட்டுக்குக் கீழே இட்லி, சாலையோரம் தார்ப்பாய் விரித்துத் தக்காளி, கருவாடு, ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. எட்டாவது மாடியில் லிஃப்ட் ஓடாத நாளில் கிழவிக்கு மேலேயே கொண்டுபோய்த் தருகிற கடையும் இவர்களுடையதுதான். இதற்குத்தான் ஆக்கிரமிப்பு என்று பெயர். வண்டியோடு வந்து தராசைத் தூக்குகிறார்கள். சரி, வீட்டுக்குள் கடை வைக்கலாம் என்றால் ஒதுக்கீட்டு விதி அனுமதிக்காது. கட்டிய சில கடைகளை ஏலத்தில் எடுக்கலாம் என்றால், முன்பணம் கட்டக்கூடியவர் அந்தக் கட்டடங்களுக்குள் யார்?

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், முதலில் கணக்கெடுப்பு, பிறகு சான்றிதழ், அதற்கு முன் யாரையும் அகற்றக்கூடாது என்கிறது. அகற்றினாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினர்களாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நல்ல சட்டம். ஆனால் அது நகரங்களுக்கானது. எங்கள் மக்களைக் குடியமர்த்தியபோது பெரும்பாக்கம் ஓர் ஊராட்சி. மாநகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்தபோது நகரவாசி என்ற சட்டப் பாதுகாப்பையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டார்கள். திட்டமிட்டுச் செய்தார்களா, கவனிக்கவே இல்லையா என்பது எங்களுக்கு இரண்டாம் பட்சம். பாஞ்சாகுளத்தில் கைகாட்ட ஒரு கடைக்காரர் இருந்தார். இங்கே ஒரு வரைபடம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, குற்றவாளி மட்டும் இல்லை.

வாரியத்தின் பெயரில் இருந்த 'குடிசை மாற்று' என்பதை 2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' என்று மாற்றினார்கள். வாழ்விடம் என்றால் வாழும் இடம்தானே? அப்படியானால் இனிக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பின் வரைபடத்திலும் சந்தைக்கு இடம் ஒதுக்கிய பிறகே அடிக்கல் நாட்டட்டும். ஏற்கெனவே இருக்கிற குடியிருப்புகளில், ஊராட்சியா மாநகராட்சியா என்று பார்க்காமல், தார்ப்பாய் விரித்திருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் கணக்கெடுத்து அவர் பெயரில் சான்றிதழ் கொடுக்கட்டும். தரைத்தளத்தில் கடை நடத்த விதியைத் திருத்தட்டும். ஏலம் வேண்டாம், குடியிருப்போருக்கே குறைந்த வாடகையில் தரட்டும். மாட்டுக்கறிக் கடைக்கும் அந்தச் சந்தையில் மற்றவற்றைப் போலவே தண்ணீரும் கூரையும் உள்ள இடம் வேண்டும், ஒதுக்குப்புறத்தில் அல்ல. அதுவரை எங்கள் அம்மாக்களின் தராசை எடுக்க வருகிற வண்டி, முதலில் கணக்கெடுப்புப் பட்டியலைக் காட்டட்டும்.