முரசுகள் சொன்ன மறுமொழி

பழைய படம் என்றாலே முகஞ்சுளிக்கும் என் பேத்தி, சென்ற விடுமுறையில் விழுப்புரத்தில் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தபோது ‘சந்திரலேகா’வை என்னுடன் அமர்ந்து பார்த்தாள். முரசு நடனம் முடியும்வரை அவள் கை கைப்பேசியின் பக்கம் போகவில்லை!

1948 ஏப்ரல் 9ஆம் நாள் வெளியான இப்படத்தை ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன் இயக்கித் தயாரித்தார். செலவு ஏறத்தாழ 30 லட்ச ரூபாய் என்பர். டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் முதன்மை வேடங்களை ஏற்றனர். அதற்கு முன்பே ஹாலிவுட்டில், ‘நாற்பத்திரண்டாம் தெரு’ (1933) போன்ற படங்களில் பஸ்பி பெர்க்லி நடன மங்கையரை அணி அணியாக நிறுத்தி வியக்க வைத்திருந்தார். ஆயினும் அந்த நடனங்கள் கதைக்குள் வரும் நாடகத்தின் மேடைக் காட்சிகளே. இங்கோ நடனமே கதையைத் திருப்புகிறது.

அண்ணன் வீரசிம்மனின் அரசுரிமையைக் கவர்ந்த சசாங்கன், நாட்டியப் பெண் சந்திரலேகாவையும் சிறைப்பிடித்து மணக்கத் துடிக்கிறான். மறுத்துப் பேச அவளுக்கு வழியில்லை. ஆகவே, ‘முரசு நடனம் நிகழ்ந்தால் மணக்கிறேன்’ என இசைவதுபோல் நடிக்கிறாள். மாபெரும் முரசுகள் மீது மங்கையர் ஆடுகின்றனர். ஆட்டம் ஓய்ந்ததும் முரசுகளின் வயிற்றிலிருந்து வீரசிம்மனின் வீரர்கள் வெளிப்படுகின்றனர். அவளது வாய் சொல்ல இயலாத மறுப்பை முரசுகள் சொல்லிவிட்டன! இப்படத்தின் அழகு முழுவதும் இந்த ஒரு காட்சியில் திரண்டு நிற்கிறது.

குறைகளும் உண்டு. மூன்று மணி நேரத்தைக் கடந்தும் நீளும் படத்தில், சர்க்கஸ் காட்சிகள் கதையை நெடுநேரம் நிறுத்தி வைக்கின்றன. மலைக்குகையில் அடைபட்ட வீரசிம்மனை சர்க்கஸ் யானைகள் மீட்கும் இடம் ஒன்றே கதைக்குப் பயன்படுகிறது. குறவர் நடனமும் ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறது. இவற்றினும் பெரிய குறை, சூழ்ச்சி வகுத்து வென்ற பெண்ணை இறுதியில் வேடிக்கை பார்ப்பவளாக ஒதுக்கிவிட்டு, சகோதரர் இருவரின் நீண்ட வாட்போருக்கு வெற்றியை ஒப்படைப்பது.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: “அவதான் சரின்னு சொன்னாளே நன்னா, அந்த ராஜாவுக்கு அது பொய்யின்னு ஏன் தெரியல?”

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அந்த வாரம்தான் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். கூடத்தில் பெரியவர்கள் சூழ்ந்திருக்க, ‘சம்மதமா?’ எனக் கேட்டோம். அவள் தலையசைத்தாள். நாங்களும் மகிழ்ந்து எழுந்துவிட்டோம்.

மணப்பெண்ணின் இசைவின்றி நிகாஹ் இல்லை என்பதை நாம் யாவரும் அறிவோம். அச்சத்தில் பிறந்த ‘சரி’ இசைவாகாது என்பதை அறிந்தும் மறந்துவிடுகிறோம். மறுநாள் என் மனைவி அப்பெண்ணின் வீட்டிற்குச் சென்று, தனியே அமர்ந்து, அதே கேள்வியை மீண்டும் கேட்டுவந்தாள். அவள் என்ன மறுமொழி தந்தாள் என்பது அவளுக்குரியது. அதை இங்கே எழுதுவது முறையாகாது.

கேட்டது மட்டும் நல்லதாயிற்று.