பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய மின்சாரப் பெட்டி: மாற்றினால் என்ன?

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்குகிறார்கள். தூசி தட்டுகிறார்கள். கூடவே இருந்த மின்சாரப் பெட்டியைச் சுவரில் செருகுகிறார்கள். திரையில் எழுத்து வருகிறது. வீடே கை தட்டுகிறது!

ஒரு மணி நேரம் ஆகிறது. திடீர் என்று திரை கறுத்துவிடுகிறது. அதன்பின் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருப்பதே இல்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வீடுகளில் நடந்த கதை இது. செத்தது, "கமடோர் 64" என்ற கம்ப்யூட்டர். கொன்றது யார்? அதற்குச் சோறு போட்ட மின்சாரப் பெட்டியேதான்!

கோடிக்கு மேல் விற்றது

கமடோர் 64, 1982-ம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 595 டாலர். அடுத்த ஆண்டே விலையை மளமள என்று குறைத்தார்கள். தனியாகத் திரை வாங்க வேண்டாம். வீட்டு டெலிவிஷனில் இணைத்தால் போதும். ஆகவே, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கின. ஒரு கோடிக்கு மேல் விற்றது.

அதன் நினைவு 64 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூட அது காணாது! அந்தச் சின்ன இடத்துக்குள் விளையாட்டு, இசை, கணக்கு எல்லாம் நடந்தன.

அதைச் செய்த கம்பெனி 1994-ல் திவால் ஆகிவிட்டது. படம் காட்டவும் இசை எழுப்பவும் உள்ளே இருக்கும் அசல் சில்லுகளை இப்போது யாரும் செய்வதில்லை. வேண்டும் என்றால், செத்துப்போன இன்னொரு கமடோரில் இருந்துதான் கழற்ற வேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

மின்சாரப் பெட்டி கம்ப்யூட்டருக்கு வெளியே, தனியாக இருக்கிறது. செங்கல் போல் கனக்கும். சுவரில் வரும் கரண்டை வாங்கி, 5 வோல்ட் டி.சி., 9 வோல்ட் ஏ.சி. என்று இரண்டு விதமாகப் பிரித்துக் கொடுக்கிறது.

வோல்ட் என்பது கரண்டின் அழுத்தம். பெட்டிக்குள் வரும் கூடுதல் அழுத்தத்தை ஒரு சிறு பாகம் தடுத்து நிறுத்தி, 5 வோல்ட்டை மட்டும் வெளியே விடுகிறது. மதகு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு உடைந்தால் என்ன ஆகும்? வெள்ளம் உள்ளே பாயும்! முதலில் பெரும்பாலும் நினைவுச் சில்லுகள் சாகின்றன.

அந்த மதகு ஏன் உடைகிறது? சூடுதான் காரணம். பெரும்பாலான பெட்டிகளில், உள்ளே கெட்டியான பிசினை ஊற்றி அடைத்துவிட்டார்கள். சூடு வெளியேற வழி இல்லை. பழுது பார்க்கலாம் என்றால், திறக்கவும் முடியாது. (இப்படி ஒரு யோசனை யாருக்குத்தான் வந்ததோ!)

"மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக 5 காட்டுகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். காலையில் 5 காட்டிய பெட்டி, சூடு ஏறியபின் மாலையில் காலை வாரிவிடும்.

அசல் போய்விடுமா?

"பழம்பொருள் என்றால், எல்லாம் பழையதாகவே இருக்க வேண்டும். புதிய பெட்டியைச் செருகினால் அசல் தன்மை போய்விடும்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு.

எனக்கு இந்த வாதம் பிடிபடவில்லை. பெட்டி வெளியே இருக்கிறது. மாற்றுவதற்கு ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். காட்சிக்கு வைக்கும்போது பழைய பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? அதற்குக் கரண்ட் கொடுக்காமல் இருந்தால் போதும்.

பெட்டி உள்ளேயே இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், நானும் யோசிப்பேன். 1977-ல் வந்த "ஆப்பிள் 2" அப்படிப்பட்டது. ராட் ஹோல்ட் என்ற எஞ்சினீயர் அதற்குச் செய்த பெட்டி, அதிகம் சூடாகாமல், விசிறி இல்லாமலே ஓடியது. அந்தப் பெட்டியே ஒரு சரித்திரப் பொருள்! அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளத்தான் மனம் வரும். கமடோரின் பிசின் பெட்டிக்கு அந்த மரியாதை தேவை இல்லை.

எதை வாங்குவது?

செல்போன் சார்ஜரும் 5 வோல்ட்தானே, அதன் வயரை வெட்டி ஒட்டினால் என்ன என்று கேட்கக்கூடாது. கமடோருக்கு 9 வோல்ட் ஏ.சி.யும் கட்டாயம் வேண்டும். கேசட் பெட்டியின் மோட்டார் அதில்தான் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் கடிகாரம்கூட, அந்தக் கரண்டின் துடிப்பை எண்ணித்தான் மணி பார்க்கிறது! அமெரிக்காவில் வினாடிக்கு 60 துடிப்பு, ஐரோப்பாவில் 50.

ஆகவே, கமடோருக்கு என்றே செய்து விற்கும் புதிய பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அளவு மீறினால் தானே கரண்டை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்கியதும், கம்ப்யூட்டரில் செருகும் முன்பு மீட்டர் வைத்துப் பாருங்கள். 5-க்கு மேல் கால் வோல்ட் வரை இருக்கலாம். அதையும் தாண்டினால், பெட்டியை அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.